அவரவர் வாசல்

காற்று நின்ற காலையில் உமாபதி வாசற்கதவைத் தள்ளினார். அது அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டியபோது ஒரு விரற்கடை திறந்தது. அந்த இடுக்கு வழியே மணல், அவிழ்ந்த தவிட்டு மூட்டை போலப் பொலபொலவென்று உள்ளே சரிந்தது.

"கதவோட மல்லுக்கு நிக்காதீங்க. ஜன்னல் வழியா இறங்கி வெளிப்பக்கமா நின்னு வாருங்க," என்று அடுக்களையிலிருந்து பிரபாவதியின் குரல் வந்தது.

"பலதியா சூப்பர்வைசர் ஜன்னல் ஏறிக் குதிச்சான்னு ஊரே சிரிக்கும்."

"ஊரும் இன்னிக்கு ஜன்னல் வழியாத்தான் இறங்கும். யாரு யாரைப் பாத்துச் சிரிக்கிறது?"

அவர் இறங்கினார். முழங்கால் வரை புதைந்தது. மூன்று நாளைக்கு முன்பு வரை எதிரே கறுப்பாக ஓடிய தார்ச்சாலையைக் காணவில்லை. விளக்குக் கம்பங்கள் மட்டும் இடுப்பளவு மணலில் நின்றுகொண்டு, சாலை இந்த வழியாகத்தான் போயிற்று என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன.

ஊரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உம் சித்ரா தோஹாவுக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் சின்ன ஊர். பாலைவனத்தில் இருந்துகொண்டு மணல் வராத ஊர் என்றால் கேட்பவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் அது உண்மை. வடமேற்கே ஒரு கல்மேடு நீளவாக்கில் படுத்திருந்தது. ஷமால் என்று அரபிகள் சொல்லும் காற்று வாரிக்கொண்டு வருகிற மணலெல்லாம் அந்த மேட்டுக்கு அப்பாலேயே தங்கிவிடும். எப்போதாவது, ஒரு தொட்டில் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு இடைவெளி விட்டு, மேட்டைத் தாண்டி ஒரு காற்று வரும். முன்பெல்லாம் அது ஒரு சங்கதியே இல்லை. மணலின்மேல் மனிதர் நடந்தார்கள், ஒட்டகமும் நடந்தது. அதை வாரியாக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு சாலை வந்தது, கார் வந்தது, குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்தது. அதற்கப்புறம் வந்த முதல் பெருங்காற்று, எழுபத்தாறாம் வருஷத்து இந்தக் காற்றுதான்.

நகராட்சியை அங்கே எல்லாரும் பலதியா என்றுதான் சொல்வார்கள். உமாபதி அதில் சாலைப் பிரிவு சூப்பர்வைசர். மாயவரத்துக்காரர். எதையும் கோடு போட்டு, கலர் பென்சிலால் தீட்டி, ஓரத்தில் கையெழுத்திட்டுச் செய்தால்தான் அவருக்குச் செய்ததாக இருக்கும். பிரபாவதி மன்னார்குடிப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் கும்பகோணம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். உம் சித்ராவுக்கு வந்த பிறகு அதே பலதியாவின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தாள். ஊரிலிருந்த கம்பெனிகளின் லைன்களெல்லாம் அந்தப் போர்டு வழியாகத்தான் போயின. அதனால் ஊரில் யார் இருமினாலும், இது இன்னாருடைய இருமல் என்று அவளுக்குத் தெரியும். "உன் காதை வச்சு ஒரு ஊரையே கட்டி ஆளலாம்," என்று உமாபதி கேலி செய்வார். அது கேலி மட்டுமில்லை என்பது அன்றுவரை அவருக்கே தெரியாது.

போன குளிர்காலத்தில், ஆலோசனை சொல்வதற்கென்று ஒரு கனடாக்காரரைப் பலதியா வரவழைத்திருந்தது. அவர் ஊரில் பாதி வருஷம் பனி கொட்டுமாம். பனியை வாருவதற்கென்றே பெரிய பெரிய தகடு மாட்டிய வண்டிகளாம். அவர் சொன்ன ஒன்று மட்டும் உமாபதி மனதில் ஒட்டிக்கொண்டது. "பனி கொட்டுகிற ஊருக்குக் கவலை இல்லை. எப்போதாவது பனி விழுகிற ஊருக்குத்தான் திண்டாட்டம். வண்டி வாங்கினால் துருப்பிடிக்கும், வாங்காவிட்டால் ஊர் முடங்கும்." அப்படிச் சொல்லிவிட்டு, நான்கு புது கிரேடர் வாங்குங்கள் என்று எழுதிக் கொடுத்துப் போனார். கிரேடர் என்றால் வயிற்றுக்கடியில் நீண்ட தகடு மாட்டி, சாலையை வழித்துச் சமன் செய்கிற வண்டி. பலதியாவிடம் பழசாக ஒன்று இருந்தது.

பலதியாவின் தலைவரை முதீர் என்பார்கள். ஜபமாலையை உருட்டிக்கொண்டே யோசிக்கிற மனிதர். கனடாக்காரரின் காகிதத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "என்றைக்கோ ஒருநாள் வருகிற விருந்தாளிக்கு, இன்றைக்கே நாலு ஒட்டகம் வாங்கிக் கட்டித் தீனி போடச் சொல்கிறார். வேண்டாம். இருக்கிற ஒன்றை வைத்து எந்தச் சாலையை முதலில் வாருவது என்று நீ ஒரு திட்டம் போடு, உமாபதி."

உமாபதி போட்டார். வரைபடத்தில் முதல் இடம் ஷேக் வீட்டு வாசலுக்கு. அவர்தான் ஊரில் அமீரின் பிரதிநிதி. அடுத்தது முதீர் வீடு. அப்புறம் பெரிய மசூதி, பேங்க், எண்ணெய்க் கம்பெனி மேனேஜரின் பங்களா. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, கடைத்தெரு. சாலையின் மேற்கு முனையில், பைப்லைன் கூலியாட்கள் தங்கியிருந்த கேம்ப் கடைசி. இப்படிப் போடும்படி அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவர் கை தானாகப் போட்டது.

வரைபடத்தைப் பார்த்த அன்றே பிரபாவதி கேட்டாள். "இது என்ன, மணல் வார்ற வரிசையா, கோயில்ல பரிவட்டம் கட்டுற வரிசையா?"

"ஊர்னு ஒண்ணு இருந்தா முறைன்னு ஒண்ணு இருக்கும், பிரபா. மொத மரியாதை யாருக்குன்னு தெரியாமத்தானே நம்ம பக்கம் தேர் நின்னு போன கதையெல்லாம் நடந்திருக்கு."

"அங்க தேர் நின்னுச்சு. இங்க என்ன நிக்கப் போவுதோ," என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைக் கிண்டப் போய்விட்டாள். முதீர் படத்தை மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அன்று காலை உமாபதி மணலில் கால் இழுத்து இழுத்து கிரேடர் நிற்கிற ஷெட்டுக்குப் போனார். ஓட்டுகிற ஹபீப் முகம்மது, அதிராம்பட்டினத்துக்காரர், ஏற்கனவே எஞ்சினை உறும வைத்திருந்தார்.

"எங்கிட்டு சார் மொதல்ல?"

"ஷேக் வீடு, பாய்."

"ரொட்டிக்கடைப் பக்கம் போயிட்டுப் போவோமா? மூணு நாளா கேம்புலயும் சரி, குடும்பக்காரவங்களும் சரி, காஞ்ச குப்பூஸ் ரொட்டியைத்தான் கடிச்சுக்கிட்டு இருக்காங்க."

"பிளான்ல அப்படி இல்ல, பாய்."

ஹபீப் முகம்மது நெம்புகோலை இழுத்தார். தகடு இறங்கியது. மணல் இரண்டு பக்கமும் சுருண்டு விழுந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பின்னால் கறுப்பாகச் சாலை விரிவதைப் பார்த்துக்கொண்டே உமாபதி நிமிர்ந்து நடந்தார். ஆனால் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தவர் நடையை நிறுத்திவிட்டார். வடக்கு ஓரத்தில் குவித்த மணலை, மிச்சமிருந்த காற்று ஊதி ஊதித் திரும்பவும் சாலையில் போட்டுக்கொண்டிருந்தது. தெற்கு ஓரத்தில் குவிந்ததோ, வழியிலிருந்த சந்துகளின் வாயை வரிசையாக அடைத்துவிட்டது. ரொட்டிக்கடைச் சந்தின் வாயில் ஓர் ஆள் உயரம். உள்ளே அடுப்புப் புகை தெரிந்தது. வெளியே வர வழியில்லை.

ஷேக் வீட்டு வாசலை வழித்து முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. கதவு திறந்து ஷேக்கே வெளியே வந்தார். வயதானவர், வெறுங்கால். இந்தியர்களோடு பேசுகிற கலப்பு இந்தியில் கேட்டார்.

"யார் வரச் சொன்னது உங்களை?"

"உங்கள் வாசல்தான் முதல் வாசல், ஷேக். பலதியாவின் மரியாதை."

ஷேக் சுத்தமாக வழித்த தரையைப் பார்த்தார். "நான் இந்த வாசலைத் திறந்து எங்கே போகப் போகிறேன்? மசூதிக்கு விடியற்காலையிலேயே மணல்மேல் நடந்து போய் வந்துவிட்டேன். என் தகப்பனாரும் அப்படித்தான் போனார். வீட்டில் பேரீச்சை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. ரொட்டி மட்டும்தான் இல்லை. ரொட்டிக்காரன் எங்கே?"

உமாபதி சந்துப் பக்கம் பார்த்தார்.

"மரியாதை போதும். யல்லா, வேலையைப் பாருங்கள்," என்றார் ஷேக். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட உமாபதிக்குக் கொஞ்சம் தேவலை என்று இருந்திருக்கும்.

கிரேடரைச் சந்து வாயைத் திறக்க அனுப்பிவிட்டு அவர் பலதியாவுக்கு ஓடினார். ஓடினார் என்பது பேச்சுக்கு. அந்த மணலில் ஓட்டமும் நடைதான். டெலிபோன் அறையில் பிரபாவதி தலையில் கேள்குழாயை மாட்டி உட்கார்ந்திருந்தாள். புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு நடந்து வந்தவள், இன்னும் அதை இறக்கிவிடவில்லை. செருப்பிரண்டும் மூலையில் மணலோடு கிடந்தன. அவரைக் கண்டதும் ஒரு கேள்குழாயை நீட்டினாள்.

"கேம்ப்லேருந்து வைரவன். நீங்களே கேளுங்க."

வைரவன் பைப்லைன் கேம்பில் ஆட்களுக்குக் கங்காணி மாதிரி. ராமநாதபுரத்துக்காரன். தண்ணீர் என்றால் என்னவென்று அவனுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சார், காத்தடிச்ச நாளா தண்ணி லாரி வரல. சிக்கனமாத்தான் செலவழிச்சோம். இப்ப தொட்டியைத் தட்டுனா டங்குடங்குன்னு கேக்குது. அடியில கொஞ்சம் கெடக்கு, பொழுது சாயுற வரைக்கும் தாங்காது. முந்நூறு பேரு இருக்கோம் சார். ரெண்டு பேருக்குக் காய்ச்சல் வேற."

"டின்ல தூக்கிட்டு வரச் சொல்லட்டுமா?"

"யானைப் பசிக்குச் சோளப்பொரியா சார்? அந்தத் தூரம் மணல்ல நடந்து வர்றவன், கொண்டு வர்ற தண்ணிய அவனே குடிச்சுத் தீத்துருவான்."

உமாபதி கேள்குழாயைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். படத்தை விரித்தார். கேம்ப் கடைசியில் இருந்தது. காலையிலிருந்து இந்நேரம் வரை கிரேடர் வாரிய தூரத்தையும், கேம்ப் வரைக்கும் உள்ள தூரத்தையும் விரலால் அளந்தார். நாளை மறுநாள்கூடப் போய்ச் சேராது. அவர் போட்ட வரிசை, அவர் போட்ட கையெழுத்து. முந்நூறு பேர் தொண்டை.

"பிரபா, தேர் நின்னுடுச்சு," என்றார்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டு இடிக்கவில்லை. அந்த நேரத்தில் இடித்திருந்தால் அவர் உடைந்திருப்பார். "துறைமுகக் கம்பெனியில ரெண்டு புல்டோசர் சும்மா நிக்குது," என்று மெதுவாக ஆரம்பித்தாள். "கப்பல் வரலைன்னு அந்த டச்சுக்காரர் காலையிலேருந்து தோஹாவுக்குப் பேசிப் பேசிப் புலம்பறார். ஜல்லி யார்டுல அள்ளிக் கொட்டுற லோடர் ஒண்ணு ஓடுற நிலையில இருக்கு. பேட்டரி மாத்தியாச்சான்னு அந்த சர்தார்ஜி காத்துக்கு முந்தின நாள்தான் கேட்டார். சிமெண்ட் கிடங்குல ஒண்ணு. எண்ணெய்க் கம்பெனியில கிரேடரே இருக்கு, நம்மளுதைவிடப் புதுசு. ஊர்ல வண்டி இல்லாம இல்லைங்க. கூப்பிட ஆள் இல்ல."

முதீர் அப்போது வாசலில் வந்து நின்றிருந்தார். உமாபதி அவருக்கு இந்தியில் எடுத்துச் சொன்னார். ஜபமாலை நின்றது.

"கூப்பிடலாம். ஆனால் எந்த முதலாளியும் தன் வாசலைத்தான் முதலில் பார்ப்பான். அடுத்தவன் வாசலுக்குப் போ என்றால் எவன் கேட்பான்? யாருக்கு யார் முந்தி என்று சண்டை வரும்."

பிரபாவதி திரும்பினாள். "சண்டையே வேண்டாம், முதீர். அவரவர் வாசலை அவரவர் வாரட்டும்."

"அதாவது?"

அவள் உமாபதியைப் பார்த்துத் தமிழில் சொன்னாள், அவர் மொழிபெயர்க்கட்டும் என்று. "எங்க தெருவுல காலையில வாசல் பெருக்க யாராவது முறை போட்டாங்களா? முனிசிபாலிடி வந்துச்சா? ஒவ்வொருத்தி அவ வாசலைப் பெருக்கறா. பக்கத்து வீட்டு எல்லை வந்ததும் டக்குன்னு வெளக்குமாத்தை நிறுத்தறதில்ல. ஒரு கை நீளம் தள்ளிப் பெருக்கிட்டுத்தான் நிமிருவா. அவளும் இவ பக்கம் ஒரு கை தள்ளுவா. அவ்வளவுதான். தெரு முழுக்கச் சுத்தமாயிடும். எந்த வீடு மொதல், எந்த வீடு கடைசின்னு ஒருத்தியும் கேட்டதில்ல."

உமாபதி சிறுவயதிலிருந்து அந்த வாசல்களைத் தாண்டித் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். தேர் இழுக்கிற வரிசை தெரிந்த அளவுக்கு, வாசல் பெருக்குகிற வரிசை அவர் கண்ணில் பட்டதே இல்லை. மொழிபெயர்த்துச் சொல்லும்போதுதான் அது அவருக்கே புரிந்தது.

முதீர் ஜபமாலையைப் பையில் போட்டார். "ஒரு கை நீளம்," என்று தன் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். "கூப்பிடு, சிஸ்டர்."

அதன் பிறகு நடந்ததை உமாபதி பின்னாளில் பலருக்கும் சொல்லியிருக்கிறார். ஆனால் நேரில் பார்த்தது மாதிரி சொல்ல அவருக்கு வந்ததில்லை. அவள் விரல்கள் ஒரு வயரைப் பிடுங்கி ஒரு துளையில் செருகும். "குட் மார்னிங், மிஸ்டர் வான்டர்," என்று டச்சுக்காரரிடம் இங்கிலீஷ். அவர் மனைவி மக்களைப் பற்றி ஒரு வார்த்தை, அதற்கப்புறம்தான் புல்டோசர். அடுத்த துளை. "சேட்டா, ஊணு கழிஞ்சோ?" என்று சிமெண்ட் கிடங்கு மலையாளி கிளார்க்கிடம் ஒரு சாப்பாட்டு விசாரிப்பு. முதலாளி தூங்குகிறார் என்று அவன் இழுக்க, "எழுப்ப வேண்டாம், வண்டியை மட்டும் எழுப்புங்க. முதீர் பக்கத்துல நிக்கறார், பேசறீங்களா?" என்றாள். அவன் பேசவில்லை, வண்டியை எழுப்பினான். எண்ணெய்க் கம்பெனியில் ஒரு வெள்ளைக்காரர் விதிமுறை பேசினார். அவர் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "உங்கள் கேட்டுக்கு வெளியே உங்கள் கார் நிற்க வேண்டிய இடத்தை மட்டும்தான் கேட்கிறேன், சார்," என்றாள். அவர் சரி என்றார்.

"கேம்ப்?" என்றார் உமாபதி. "அவங்ககிட்ட வண்டி ஏது?"

"முந்நூறு பேர் இருக்காங்களே. அவங்களுக்கும் வாசல் உண்டு." வயரைச் செருகினாள். "தம்பி வைரவன், மம்முட்டி இருக்கா?"

"மம்முட்டி இல்லாத கேம்ப்பாக்கா? பாண்டும் இருக்கு."

"கேட்டுலேருந்து கெழக்க வாரிக்கிட்டே வாங்க. எதுத்தாப்புல வண்டி வரும். வெயில்ல ஒரேயடியா இறங்காதீங்க, பாதிப்பாதி ஆளா மாத்திக்குங்க. இருக்கிற தண்ணிய வேலை செய்யுறவங்களுக்குக் குடு."

"வர்றோம்க்கா. சும்மா குந்திக்கிட்டு தொட்டியத் தட்டிப் பாக்குறதுக்கு இது மேலு."

உமாபதி எழுந்துவிட்டார். செய்வதற்கு அவருக்கும் ஒன்று இருந்தது, அது காலையில் அவரே பட்டுத் தெரிந்துகொண்டது. "எல்லார்கிட்டயும் ஒண்ணு மட்டும் சொல்லிடு, பிரபா. மணலைத் தெக்குப் பக்கம் மட்டும் தள்ளணும். வடக்கே குவிச்சா காத்து திருப்பிக் கொண்டாந்துடும். சந்து வாய் வர்ற எடத்துல வழி விட்டுக் குவிக்கணும். நான் ஒவ்வொரு முனையிலயும் போய் நிக்கிறேன்."

"இதைத்தாங்க நான் சொல்லத் தெரியாம இருந்தேன்," என்றாள். பிறகு, "பெருக்கினா மட்டும் போதுமா? தெளிக்க வேண்டாமா? தெளிக்காத வாசல்ல புழுதி அடங்குமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் துறைமுகத்தை மறுபடி பிடித்தாள். அங்கே புழுதி அடங்கக் கடல் தண்ணீர் தெளிக்கிற லாரி ஒன்று உண்டு. குவித்த மணல்மேல் அதைத் தெளித்தால் உப்பும் ஈரமும் சேர்ந்து மேலே ஓடு மாதிரி காய்ந்துவிடும், காற்றில் எழும்பாது. உமாபதி படித்த படிப்பில் அது இருந்தது. அவர் நினைவுக்கு வரவில்லை, அவளுக்கு வந்தது.

மத்தியானம் முழுக்க அவர் சாலையிலேயே நின்றார். அப்படி ஒரு காட்சியை அந்த ஊர் பார்த்ததில்லை. கடல் பக்கமிருந்து மஞ்சள் புல்டோசர் இரண்டு. நடுவில் சிமெண்ட் கிடங்கின் லோடர். அதற்கு மேற்கே எண்ணெய்க் கம்பெனியின் புது கிரேடர். இந்தப் பக்கம் ஹபீப் முகம்மது, ரொட்டிக்கடைச் சந்தைத் திறந்துவிட்டு, "இப்ப எங்கிட்டு சார்? பிளான்ல என்ன போட்டிருக்கு?" என்று சிரிக்காமல் கேட்டார்.

"கக்கத்துல இருக்கிறது விசிறிக்குத்தான் ஆகும், பாய். ஆஸ்பத்திரி வாசல்."

ஒவ்வொரு வண்டியும் தன் கேட்டில் தொடங்கி, அடுத்தவன் வழித்த இடம் வரை வந்து, ஒரு தட்டு கூடத் தள்ளிவிட்டு நின்றது. மணலுக்கடியில் கிடந்த சாலை துண்டு துண்டாக வந்து ஒட்டிக்கொண்டது. எந்தத் துண்டுக்கும் யாரும் பரிவட்டம் கேட்கவில்லை. கேம்புக்குப் போகிற குடிதண்ணீர் லாரி, அந்தக் கறுப்புச் சாலையில் பின்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தது. உமாபதி அதற்கு முன்னால் நடந்தார்.

பொழுது இறங்குகிற சமயத்தில் லாரி ஜல்லி யார்டு வாசலில் வந்து நின்றது. அதற்கு அப்பால் மணல். தூரத்தில் கேம்ப் ஆட்கள், தலையில் துண்டோடு, எறும்புச் சாரி மாதிரித் தெரிந்தார்கள். நடுவில் கிடந்த பூமி யாருடையதும் இல்லை. கேட் கிடையாது, வாசல் கிடையாது. அந்த இடத்தை வாரும்படி யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

யார்டு போர்மேன் குர்பச்சன் சிங் லோடரை நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

"சர்தார்ஜி, அந்தத் துண்டையும் பார்த்துவிடுங்கள். பின்னால் தண்ணீர் நிற்கிறது."

"என் கேட் முடிந்தது, பாய். கலாஸ். டீசல் என் கம்பெனியுடையது. யாருமில்லாத நிலத்துக்கு நான் கணக்கு எழுத முடியாது."

ஹபீப் முகம்மதுவின் கிரேடரைக் கூப்பிடலாம் என்றால் அது ஆஸ்பத்திரியில் இருந்தது, வந்து சேருவதற்குள் இருட்டிவிடும். உமாபதி சர்தாரிடம் மேற்கொண்டு வாதாடவில்லை. யார்டு ஆபீசுக்குள் போய் டெலிபோனைச் சுற்றினார். "நம்பர் ப்ளீஸ்," என்று குரல் வந்தது. காலையிலிருந்து பேசிப் பேசி அது கரகரத்திருந்தது. விஷயத்தைச் சொன்னார்.

"அவர்கிட்ட குடுங்க."

சர்தார் வாங்கினார். மறுமுனையில் அவள் பேசிய இந்தி உமாபதிக்கும் கேட்டது.

"டீ குடித்தீர்களா, சர்தார்ஜி? குடிக்கவில்லையா. சரி, ஒன்று கேட்கிறேன். உங்கள் கேட்டிலிருந்து கிழக்கே, எண்ணெய்க் கம்பெனிச் சுவர் வரைக்கும் நீங்கள்தான் வாரினீர்களா?"

"ஆமாம். இல்லை," என்று சர்தார் வெளியே எட்டிப் பார்த்தார். "பாதிதான். நான் வண்டியை எடுக்கும்போதே பாதி வாரியிருந்தது."

"வாரினவன் அந்த வெள்ளைக்காரனின் டிரைவர். உங்கள் வாசலில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் திரும்பினான். டீசலுக்கு யார் கணக்கு எழுதுவது என்று அவன் உங்களிடம் கேட்டானா?"

சர்தார் தாடியைத் தடவினார்.

"அங்கே நம் ஆட்கள் மண்வெட்டியோடு வந்துகொண்டிருக்கிறார்கள், சர்தார்ஜி. வயிற்றில் தண்ணீர் இல்லாமல், தங்கள் வாசலைத் தாண்டி எவ்வளவோ தூரம் வாரிவிட்டார்கள். உங்கள் எல்லை வரைக்கும் அவர்களே வந்துவிடுவார்கள். வந்தால் நாளைக்கு உங்களை நான் எப்படி சர்தார்ஜி என்று கூப்பிடுவது?"

அவர் டெலிபோனை வைத்தார். உமாபதியைப் பார்த்து, "உங்கள் வீட்டிலா?" என்று கேட்டார்.

"என் வீட்டில்தான்."

"நீங்கள் பாவம், பாய்," என்று சொல்லிவிட்டு லோடரில் ஏறினார்.

லோடர் மணலுக்குள் இறங்கியது. எதிரிலிருந்து வந்தவர்கள் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்கள். ஒருவன் மம்முட்டியைத் தூக்கிக் காட்டினான். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கடைசித் தட்டு மணலை லோடர் அள்ளித் தெற்கே கொட்டியபோது வைரவன் அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். உதடு வெடித்திருந்தது.

"வழி விடுறா, தண்ணி வருது," என்றான் பின்னால் இருந்தவர்களிடம். ஒருவரும் லாரிமேல் பாயவில்லை. ஓரமாக நின்று, அது போனதும் அதன் பின்னாலேயே நடந்தார்கள். லாரி டிரைவர் ஒரு வாளியைப் பிடித்துக் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறி, முதலில் காய்ச்சல்காரர்கள் படுத்திருந்த ரூமுக்குப் போயிற்று.

கேம்பின் தொட்டி, கேம்ப் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே இரும்புக் கால்களின்மேல் நின்றது. தண்ணீர் விழுகிற சத்தம் முதலில் இடி மாதிரிக் கேட்டு, பிறகு நிதானமானது. உமாபதி ஆபீசுக்குள் போய் டெலிபோனை எடுத்தார்.

"நம்பர் ப்ளீஸ்."

"நான்தான். இரு." குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். "வைரவா, ஒரு தட்டு தட்டு."

வைரவன் முஷ்டியால் தொட்டியைத் தட்டினான். டங்கென்று வரவில்லை. தொம்மென்று வந்தது, கர்ப்பிணி வயிறு போலக் கனத்த சத்தம். உமாபதி குழாயைக் காதுக்குக் கொண்டுவந்தார்.

"மேல இன்னும் கொஞ்சம் காலியா இருக்கு போலிருக்கே," என்றாள் பிரபாவதி.

"ஊத்திக்கிட்டுத்தான் இருக்காங்க. உனக்கு அதுகூடவா கேக்குது?"

"முதீர் இங்கதான் உக்காந்திருக்கார். அடுத்த காத்துக்கு என்ன வாங்கணும்னு கேக்கறார். நாலு கிரேடரான்னு."

உமாபதி கக்கத்திலிருந்த படத்தைத் தொட்டுப் பார்த்தார். வியர்வையில் கலரெல்லாம் ஒன்றோடொன்று கலந்து போயிருந்தது. "கிரேடர் வேண்டாம்னு சொல்லு. யார்கிட்ட என்ன வண்டி இருக்குன்னு வருஷத்துக்கு ஒருதரம் கூப்பிட்டு விசாரிச்சு வச்சுக்கிட்டாப் போதும். கேம்புக்குத் தனி லைன் ஒண்ணு போடச் சொல்லு. போர்டுக்கு இன்னொரு ஆள் போடச் சொல்லு. காலையிலேருந்து நீ ஒரு வாய் சாப்பிட்டியா?"

"எங்க எழுந்திரிச்சேன், சாப்பிட?"

"நான் புறப்பட்டு வர்றேன்."

"வாங்க. வர்ற வழியில ரொட்டி வாங்கிக்கிட்டு வாங்க. சந்து திறந்து, மாவு வந்து, ரொட்டி சுட்டாச்சுன்னு ரொட்டிக்கடைக்காரர் இப்பத்தான் போன் பண்ணினார். ஷேக் வீட்டுக்கும் சேத்து வாங்கிடுங்க. பாவம், மனுஷன் காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காராம்."